தும்மல்காரிக்கு எந்தப் பூனை?

"இது அலர்ஜி ஃப்ரீ பிரீட் மேடம், தைரியமா எடுத்துட்டுப் போங்க."

சென்னையில் ஏதாவது ஒரு பெட் ஷாப்புக்குள் நுழைந்து, பூனை பிடிக்கும் ஆனால் தும்மல் வரும் என்று சொல்லிப் பாருங்கள். இந்த வசனம் வந்துவிடும். என்னிடம் அதைச் சொன்ன தம்பியின் கையில் ஒரு வெள்ளை பெர்சியன் குட்டி இருந்தது. அதைக் கீழே விட்டதும் அவருடைய கறுப்பு டி-ஷர்ட் முழுக்க முடி. கடையில் நின்ற கொஞ்ச நேரத்திலேயே எனக்குக் கண் அரிக்க ஆரம்பித்துவிட்டது. "ஏசி காத்து மேடம்" என்றார்.

அதனால் விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். அலர்ஜியே வராத பூனை ஜாதி என்று ஒன்று கிடையாது. சைபீரியனும் இல்லை, முடியே இல்லாத ஸ்பிங்க்ஸும் இல்லை. ஆனால் தும்முகிறவர்கள் எல்லாரும் பூனையை மறந்துவிட வேண்டும் என்றும் இல்லை. நாம் தேடும் இடம்தான் தப்பு. ஜாதியைத் தேடாமல் பூனையைத் தேடவேண்டும். அதற்கு முன்னால் நம் மூக்குக்கு என்னதான் பிரச்சினை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் அம்மாவுக்கு இதில் ஓர் அசைக்க முடியாத கொள்கை உண்டு. பூனை முடி வயிற்றுக்குள் போனால் இழுப்பு வரும். இதைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. இழுப்பு வரும் என்பது சரிதான். பழியை முடியின் மேல் போட்டதுதான் சரியில்லை. வேலையைக் காட்டுவது ஒரு புரதம். ஃபெல் டி 1 என்று பெயர். பூனையின் எச்சிலிலும், தோலுக்கு எண்ணெய்ப் பசை தரும் சுரப்பிகளிலும் அது ஊறுகிறது. பூனை அலர்ஜி உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இந்தப் புரதத்துக்குத்தான் தும்முகிறார்கள்.

பூனை தன்னைச் சுத்தம் செய்துகொள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முன்னங்காலை நக்கும், அதே காலால் காதுக்குப் பின்னால் தேய்க்கும், திரும்ப நக்கும். விழித்திருக்கிற நேரத்தில் கணிசமான பகுதி இதற்கே போகிறது. அந்த எச்சில் முடியில் காய்ந்து, தோல் செதிலோடு சேர்ந்து பொடிப்பொடியாக உதிர்கிறது. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பொடியில் நிறைய 5 மைக்ரானுக்கும் கீழே. தரையில் விழாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். துணியில் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும். பூனையே இல்லாத வீட்டுத் தூசியிலும், பள்ளிக்கூட வகுப்பறையிலும் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு பிரீட் பட்டியலைப் பார்த்தால் பாதி விளம்பரம் தானாகவே உதிர்ந்துவிடும்.

ஸ்பிங்க்ஸை எடுங்கள். 1966-ல் கனடாவின் டொராண்டோவில் முடியில்லாமல் ஒரு குட்டி பிறந்ததிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. முடி இல்லை, அதனால் அலர்ஜி இல்லை என்பது கடைக்காரர்களின் கணக்கு. ஆனால் எச்சில் இருக்கிறதே? எண்ணெய்ச் சுரப்பியும் இருக்கிறது. மற்ற பூனைகளுக்கு அந்த எண்ணெயை முடி வாங்கிக்கொள்ளும். ஸ்பிங்க்ஸுக்கு அது தோலிலேயே தங்கி, சோபாவில் கறை பிடிக்கும். அதனால்தான் அதற்கு வாராவாரம் குளியல். சுருக்கமாக, நீங்கள் மடியில் வைத்துக் கொஞ்சுவது அந்தப் புரதம் ஊறும் இடத்தையேதான். போதாததற்கு அதற்குக் குளிரும் ஆகாது, வெயிலும் ஆகாது.

இங்கிலாந்தில் 1950-ல் தோன்றிய கார்னிஷ் ரெக்ஸ், 1960-ல் வந்த டெவன் ரெக்ஸ் இரண்டுக்கும் குட்டையான, சுருண்ட முடி. முடி குறைவாகக் கொட்டுவது உண்மை. வீடு பெருக்குகிறவருக்கு நிம்மதி; மூக்குக்கு உத்தரவாதம் இல்லை. ரஷ்யன் ப்ளூ, பாலினீஸ் இரண்டையும் எல்லாப் பட்டியலிலும் சேர்த்துவிடுகிறார்கள். வளர்ப்பவர்களின் வாய்மொழியைத் தாண்டி அதற்குப் பெரிய ஆதாரம் இல்லை.

கொஞ்சமாவது பேசத் தகுந்தது சைபீரியன்தான். நீள முடி, கனத்த உடம்பு, ரஷ்யக் குளிருக்கு ஏற்ற பூனை. 2017-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் சில சைபீரியன் பூனைகளில் இந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பார்த்தபோது சில மாற்றங்கள் தெரிந்தன. இந்த ஜாதியில் சுரப்பு குறைந்த பூனைகள் இருக்கலாம் என்பதற்கு அது ஒரு குறிப்பு, அவ்வளவுதான். எல்லா சைபீரியனும் அப்படி என்று யாரும் நிரூபிக்கவில்லை. நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீள முடி வைத்த எந்தக் குட்டிக்கும் சைபீரியன் என்று பேர் சூட்டி விலையை ஏற்றிவிடலாம். பெற்றோர் பூனைகளின் பெடிகிரி காகிதத்தைக் கேட்டால் வாட்ஸ்ஆப்பில் ஒரு போட்டோ வரும்.

பெர்சியன் பற்றித் தனியாகச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் இங்கே 'ஃபேன்சி பூனை' என்றால் நடைமுறையில் அதுதான். டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் என்று மூஞ்சி சப்பையாகச் சப்பையாக விலை ஏறும். அலர்ஜிக்கு அது எந்த வகையிலும் நல்லதும் இல்லை, தனியாகக் கெட்டதும் இல்லை. முடியின் நீளத்துக்கும் இந்தப் புரதத்தின் அளவுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் நிறுவப்படவில்லை. ஆனால் சப்பை மூக்கோடு மே மாதச் சென்னையில் அது மூச்சு விடுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கும். தினம் சீவாவிட்டால் முடி சடை பிடிக்கும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய் இந்த ஜாதியில் அதிகம். தும்மல்காரி ஒருத்தி தினமும் சீப்பை எடுத்துக்கொண்டு பூனையின் முகத்துக்கு நேராக உட்கார வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

நம் ஊர்க் கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் இதே வியாபாரத்தைப் பெரிய அளவில் நடத்தியது. அலர்ஜி தராத பூனை என்று விளம்பரம் செய்து, ஒன்று 4,000 டாலர் அளவில் 2006 வாக்கில் முன்பதிவு வாங்கினார்கள். அடுத்த வருடம் அதே ஆட்கள் 'ஆஷெரா' என்று ஒரு புதுப் பூனையை 22,000 டாலருக்கு அறிவித்தார்கள். புள்ளி போட்ட, குட்டிச் சிறுத்தை மாதிரியான உருவம். பென்சில்வேனியாவில் சவானா என்ற ஜாதிப் பூனைகளை வளர்க்கும் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, இது நான் விற்ற பூனை ஆச்சே என்றார். நெதர்லாந்தில் டிஎன்ஏ பரிசோதனை செய்து பார்த்தார்கள். அவர் சொன்னதுதான் உண்மை.

சரி, ஜாதி உதவாது என்றால் எது உதவும்?

பூனைக்குப் பூனை வித்தியாசம். ஒரே ஜாதியில், ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பூனைகளில் ஒன்று கொட்டித் தள்ளும், இன்னொன்று கொஞ்சமாகச் சுரக்கும். அளந்து பார்த்தவர்கள் பூனைக்குப் பூனை நூறு மடங்கு வரை வேறுபாடு கண்டிருக்கிறார்கள். ஒரே பூனையிடமும் நாளுக்கு நாள் அளவு ஏறி இறங்குகிறது. இவ்வளவு அகலமான வித்தியாசத்தில், ஜாதிக்கும் ஜாதிக்கும் இடையில் இருக்கக்கூடிய சின்ன வேறுபாடு எங்கே எடுபடும்? ஒன்று மட்டும் ஓரளவு உறுதியாகத் தெரியும். கருத்தடை செய்யாத ஆண் பூனைதான் அதிகம் சுரக்கும், ஏனென்றால் இந்தச் சுரப்பு ஆண் ஹார்மோனோடு தொடர்புள்ளது. கருத்தடை செய்தால் குறைகிறது. பெண் பூனைக்கு இயல்பாகவே குறைவு.

இதனால்தான் கடையில் குட்டியைத் தூக்கிப் பார்த்து "எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்று முடிவு கட்டக்கூடாது என்கிறேன். இரண்டு மாதக் குட்டிக்கு உடம்பே ஒரு கையளவு. ஆணாக இருந்துவிட்டால், அது பருவத்துக்கு வந்தபிறகுதான் அதன் உண்மையான அளவு தெரியும். அப்போது வீடு முழுக்க அது பழகியிருக்கும், பிள்ளைகள் பேர் வைத்திருப்பார்கள். வளர்ந்து, கருத்தடை முடிந்த பூனை என்றால் நாம் பார்ப்பதுதான் நமக்குக் கிடைப்பது.

பூனையைப் பார்க்கக் கிளம்பும் முன் நான் அலர்ஜி டாக்டரிடம் போனேன். இதைச் செய்யச் சொல்லி யாரிடம் சொன்னாலும் "அதான் தெரியுமே, பூனைகிட்ட போனா தும்முறேன்" என்கிறார்கள். தெரியாது என்பதுதான் விஷயம். தும்முகிற சென்னைவாசிகள் பலருக்கு முதல் எதிரி தூசிப்பூச்சி, அடுத்தது கரப்பான். நம் ஊர்ப் புழுக்கத்தில் மெத்தையும் தலையணையும் தூசிப்பூச்சிக்குச் சொர்க்கம். பூனை இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், அங்கே பழைய இலவம்பஞ்சு மெத்தையில் படுத்துவிட்டுத் தும்மினால் பழி பூனை மேல் விழுகிறது.

பரிசோதனை பெரிய விஷயமில்லை. தும்மல் மாத்திரையைச் சில நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எத்தனை நாள் என்பது மாத்திரையைப் பொறுத்தது. நர்ஸ் என் முன்னங்கையில் பால்பாயிண்ட் பேனாவால் வரிசையாக எண் போட்டார். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு மருந்து. ஒவ்வொரு சொட்டின் மேலும் சின்ன ஊசி நுனியால் லேசாக ஒரு குத்து, ரத்தம்கூட வரவில்லை. "சொறியக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கால் மணி நேரம் சொறியாமல் உட்கார்ந்திருப்பதுதான் இதில் கஷ்டம். பிறகு டாக்டர் சின்ன ஸ்கேல் வைத்துத் தடிப்புகளை அளந்தார். 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பாசிட்டிவ். பூனைக்கு எனக்குத் தடிப்பு இருந்தது. தூசிப்பூச்சிக்கு அதைவிடப் பெரிய தடிப்பு.

"பூனை ஆசையிருந்தா முதல்ல மெத்தையைக் கவனிங்கம்மா" என்றார் டாக்டர். அவர் சொன்ன கணக்கு எளிமையானது. உடம்பு தாங்குவதற்கு ஒரு அளவு உண்டு. தூசிப்பூச்சியே அதில் முக்கால்வாசியை நிரப்பிவிட்டால் பூனை உள்ளே வந்த அன்றே வழிந்துவிடும். மெத்தைக்கும் தலையணைக்கும் பூச்சி புகாத உறை, படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் துவைப்பது, தினமும் மூக்கில் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. பூனை இன்னும் வீட்டுக்கு வரவே இல்லை, என் காலைத் தும்மல் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

பூனை தேடுவதற்கு நான் கேட்டது மீட்பு வேலை செய்யும் ஓர் அக்காவிடம். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எனக்குப் பிரயோஜனமில்லை. ஏகப்பட்ட பூனைகள் இருக்கும் வீட்டில் எந்தப் பூனைக்குத் தும்முகிறோம் என்று எப்படிச் சொல்வது? அதனால் இரண்டு புதுப் பருத்தித் துண்டுகளைக் கொடுத்து, தனித்தனி அறையில் வைத்திருக்கும் இரண்டு பூனைகளின் கூடையில் ஒவ்வொன்றாகச் சில இரவுகள் போடச் சொன்னேன். ஜிப் கவரில் போட்டு வாங்கி வந்து, வீட்டில் கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு துண்டுக்கு உடனே மூக்கு அடைத்தது. இன்னொன்றுக்கு லேசான அரிப்போடு நின்றது. இதை ஒரு சல்லடை என்று வைத்துக்கொள்ளலாமே தவிர இது தீர்ப்பு இல்லை. வீசிங் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யவே வேண்டாம்.

இரண்டாவது துண்டுக்காரி ஒரு நாட்டுப்பூனை. சாம்பலில் கறுப்புப் பட்டை, கருத்தடை ஆனதற்கு அடையாளமாக இடது காது நுனி வெட்டியிருந்தது. வயது இரண்டு இருக்கலாம் என்றார்கள். யாரும் எடுக்கவில்லை, ஏனென்றால் குட்டி இல்லை, பெர்சியன் இல்லை. "ஃபாஸ்டர் மாதிரி வச்சுப் பாருங்க, ஒத்துவந்தா அடாப்ட் பண்ணுங்க" என்றார் அக்கா. எனக்குத் தேவைப்பட்டது அதுதான்.

வைத்துப் பார்ப்பது என்றால் ஒரு வார இறுதி போதாது. பூனை வந்த முதல் நாள் வீட்டில் அந்தப் புரதம் கிட்டத்தட்ட பூஜ்யம். சோபாவிலும் திரைச்சீலையிலும் சேரச் சேர, சில வாரம் கழித்துத்தான் நிஜ நிலவரம் தெரியும். போகும்போதும் அப்படித்தான். பூனை வீட்டை விட்டுப் போனபின் அளவு பழைய நிலைக்கு இறங்க நாலைந்து மாதம் ஆகும். "பூனையைக் கொடுத்தும் தும்மல் நிக்கலை, அப்ப பூனை காரணமில்லை" என்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

வீட்டு ஏற்பாடுகளில் நமக்கு ஒரு வசதி உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் தரை முழுக்கக் கார்ப்பெட் போட்டுக்கொண்டு அல்லாடுகிறார்கள். நமக்கு டைல்ஸ், ஈரத் துணி போட்டு ஒரு இழுப்பு. துடைப்பத்தால் வறட்டுப் பெருக்கு பெருக்கினால்தான் எல்லாம் எழும்பி மூக்குக்கு வரும். சிக்கல் படுக்கையறை ஏசியில். ராத்திரி முழுக்க அடைத்த அறையில் அதே காற்றைச் சுற்றிச் சுற்றி மூச்சு விடுகிறோம். பூனைக்குப் படுக்கையறை கிடையாது என்ற ஒரே ஒரு விதியில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, மகள் அழுதபோதும். ஹெப்பா ஃபில்டர் வைத்த ஏர் பியூரிஃபையர் அந்த அறையில்தான் இருக்கிறது. சீவிவிடுவதும் லிட்டர் தட்டைக் கழுவுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. புறாவுக்காக பால்கனியில் போட்ட நைலான் வலையைப் பூனை கடித்துவிடும் என்று அக்கா சொன்னதால் அதைக் கம்பி வலையாக மாற்றினோம்.

பூனையைக் குளிப்பாட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். குளிப்பாட்டினால் குறையும், சில நாளில் திரும்ப ஏறிவிடும். வாரத்துக்கு இரண்டு முறை அந்தப் போராட்டத்தை நடத்த உங்களுக்கும் தெம்பு வேண்டும், பூனைக்கும் பொறுமை வேண்டும். நான் ஈரத் துணியால் துடைப்பதோடு சரி, அதுவும் நான் இல்லை, வீட்டுக்காரர்.

'பழகப் பழகச் சரியாகிடும்' என்ற அறிவுரையும் வரும். சிலருக்குச் சரியாவதும் உண்டு. சிலருக்குத் தும்மலில் தொடங்கி நெஞ்சுக்கு இறங்குவதும் உண்டு. நாம் எந்தக் கட்சி என்பது முன்கூட்டித் தெரியாத சூதாட்டம் அது. அலர்ஜி ஊசி போட்டுக்கொள்வது வேறு, அது மருத்துவம். மூன்றிலிருந்து ஐந்து வருடம் டாக்டர் மேற்பார்வையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த சேதி முட்டையில் இருக்கிறது. பூனை இருக்கும் இடத்தில் வளரும் கோழியின் உடம்பு இந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியை உண்டாக்கி, மஞ்சள் கருவுக்குள் அனுப்புகிறது. அந்த முட்டைப் பொடியைப் பூனைத் தீவனத்தில் தடவினால், பூனை மெல்லும்போது எச்சிலில் இருக்கும் புரதம் அங்கேயே செயலிழக்கிறது. பியூரினா நிறுவனம் 2020-ல் அமெரிக்காவில் இப்படி ஒரு தீவனத்தைக் கொண்டுவந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து முடியில் சராசரியாக 47 சதவீதம் குறைகிறது என்கிறது அவர்கள் ஆய்வு. விற்பவரே செய்த ஆய்வு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனாலும் யோசனை அபாரம். பூனையின் உடம்பை ஒன்றும் செய்யாமல், வெளியே வந்த புரதத்தை மட்டும் மடக்குகிறார்கள்.

இதெல்லாம் என்னைப் போல மூக்கோடு நிற்கிறவர்களுக்கு. வீசிங் வருகிறவர்களுக்கு, ராத்திரி இன்ஹேலர் தேடுகிறவர்களுக்கு, நான் சொல்லும் துண்டும் வேண்டாம், ஃபாஸ்டரும் வேண்டாம். நெஞ்சு டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அது 'பூனை வேண்டாம்' என்பதாகவும் இருக்கலாம். என் தம்பிக்கு அதுதான் பதில். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஆஸ்துமா. நாங்கள் பூனை எடுப்பதற்கு முன் அவனிடம்தான் முதலில் பேசினோம், ஏனென்றால் இனி அவன் எங்கள் வீட்டு சோபாவில் வந்து உட்கார முடியாது. "நீ எடுத்துக்கோக்கா, நான் பால்கனில நிக்கிறேன்" என்றான். பால்கனியிலும் நிறுத்தவில்லை. பண்டிகை, பிறந்தநாள் எல்லாமே இப்போது அவன் வீட்டில்தான். கிளம்பும் முன் எல்லாரும் குளித்து, பீரோவிலிருந்து துவைத்த துணி எடுத்துப் போட்டுக்கொண்டு, வழியில் பூனையைத் தொடாமல் வெளியே வருவதற்குத்தான் கொஞ்சம் பயிற்சி தேவைப்படுகிறது.